மொடக்குறிச்சிக்குச் சட்டம் வந்தது, அரவக்குறிச்சிக்கு ஏன் வரவில்லை?

பெருந்துறைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: “மேடையில் ஒருவரை ஒருவர் வறுத்தெடுக்கும் கட்சிகள், நீதிமன்றத்தையும் தேர்தலையும் சீர்படுத்த என்றைக்காவது ஒன்றுசேருமா? சேர வைக்க நம்மைப் போன்றவர்களால் ஏதாவது செய்ய முடியுமா?”

சேரும். பலமுறை சேர்ந்திருக்கிறார்கள். எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழாமல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்களே உண்டு. ஆனால் அந்த ஒற்றுமைகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். சீர்திருத்தத்தின் சுமை, பேச்சுவார்த்தை நடக்கும் அறைக்கு வெளியே நிற்கிறவர் தலையில் விழுந்தால் கட்சிகள் சட்டென்று ஒத்துப்போகின்றன. சுமை தங்கள் கஜானாவில் விழும் என்று தெரிந்தால் கோப்பு நகர்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள டெல்லி வரை போக வேண்டாம். ஈரோடு மக்களவைத் தொகுதிக்குள் மொடக்குறிச்சி இருக்கிறது, கரூர் மக்களவைத் தொகுதிக்குள் அரவக்குறிச்சி இருக்கிறது. இரண்டும் போதும். 

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் கோரிக்கைகளை எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று காட்டுவதற்காக விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்து மனுத் தாக்கல் செய்ததன் விளைவு அது. அன்றைக்குச் சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய், மக்களவைக்கு 500. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் நல்கொண்டாவில் 480 பேரும் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள்.

சட்டம் எவ்வளவு வேகமாக மாறியது என்று பாருங்கள். தேர்தல் சீர்திருத்தத்துக்காக 1990-இல் தினேஷ் கோஸ்வாமி தலைமையில் பல கட்சிக் குழு ஒன்று அமைந்தது. காங்கிரஸின் எச்.கே.எல். பகத், பா.ஜ.க.வின் அத்வானி, மார்க்சிஸ்ட் கட்சியின் சோம்நாத் சாட்டர்ஜி, தமிழ்நாட்டிலிருந்து இரா. செழியன் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்தக் குழுவின் பரிந்துரைகள் பெரும்பாலும் ஆறு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. 1996 தேர்தல் முடிந்ததும் அவற்றில் சில மட்டும் சட்டமாகி, அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தன. டெபாசிட் சட்டமன்றத்துக்கு 5,000, மக்களவைக்கு 10,000 என்று ஏறியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று ஆனது. சுயேச்சை இறந்தால் தேர்தல் நிற்காது, கட்சி வேட்பாளர் இறந்தால்தான் நிற்கும். ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நாள்கள் 14 ஆகக் குறைந்தன.

கணக்குப் போட்டால் விளங்கும். 1,033 பேருக்கு 250 ரூபாய் வீதம் மொத்தம் 2,58,250 ரூபாய். 5,000 வீதம் என்றால் 51,65,000. 2010-இல் அது 10,000 ஆன பிறகு ஒரு கோடியே மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு அந்தப் பணம் திரும்பி வராது. பட்டியலின, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதித் தொகை.

சுயேச்சைகள் கூட்டம் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். ஒரு வாக்குப்பதிவு யூனிட்டில் 16 பொத்தான்கள்; நோட்டாவையும் சேர்த்து 78 வேண்டும். அதனால் ஒவ்வொரு பூத்திலும் ஐந்து யூனிட்டை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. 2024-இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர், நான்கு யூனிட். இப்போதுள்ள எம்-3 வகை இயந்திரத்தில் 24 யூனிட் வரை இணைக்கலாம். நோட்டாவோடு 384 பெயர்கள் கொள்ளும். அதற்கு மேல் போனால் மறுபடியும் காகிதம்தான்.

1996 திருத்தம் தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் பேர் நிற்கும் தேர்தலை நடத்துவது அதிகாரிகளுக்கும் வாக்காளருக்கும் பெரும்பாடு. ஆனால் அந்த விவசாயிகள் எழுப்பிய கேள்விக்கு அதில் பதில் இல்லை. கேள்வி கேட்கும் வழிக்குத்தான் விலை ஏறியது. சுமையை ஏற்ற சுயேச்சைகளுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது. அதனால்தான் எல்லாக் கட்சிக்கும் எளிதாக மனம் ஒத்தது.

இருபது ஆண்டு கழித்து, 2016 மே 16-ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் வாக்குப்பதிவு நடந்தபோது அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் மட்டும் நடக்கவில்லை. பணமும் பொருளும் வெளிப்படையாகப் பட்டுவாடா ஆனதாகத் தேர்தல் ஆணையம் கண்டது. புகார் இரண்டு பெரிய கட்சிகள் மீதும் இருந்தது. தேதியை மே 23-க்குத் தள்ளினார்கள், பிறகு ஜூன் 13-க்கு. மே மாத இறுதியில் தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தார்கள். பணப் பட்டுவாடாவுக்காகச் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் தேர்தல் ரத்தானது நாட்டில் அதுவே முதல் தடவை. நவம்பர் 19-இல் மறுபடி தேர்தல் வந்தபோது இரண்டு பெரிய கட்சிகளும் பழைய வேட்பாளர்களையே நிறுத்தின. அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானாலோ, தேர்தல் வழக்கில் ஊழல் நடவடிக்கை என்று தீர்ப்பானாலோதான் தகுதி போகும்.

இங்கேதான் ஓட்டையைச் சரியாகப் பார்க்க வேண்டும். வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்யும் அதிகாரம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஏ பிரிவாக 1989-இல் சேர்க்கப்பட்டது. பணம் கொடுத்தால் ரத்து செய்ய அப்படிப்பட்ட தனிப் பிரிவு கிடையாது. அரசியல் சட்டத்தின் 324-ஆவது பிரிவு தரும் பொது அதிகாரத்தை வைத்துத்தான் அரவக்குறிச்சியில் ஆணையம் சமாளித்தது. அதற்குப் பிறகு 58பி என்று ஒரு பிரிவு கேட்டு மத்திய அரசுக்கு எழுதியது. சட்ட அமைச்சகம் ஏற்கவில்லை. எந்தப் பெரிய கட்சியும் அதற்காகக் குரல் உயர்த்தவில்லை.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆவது பிரிவின்படி குற்றம். 173-இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இது, போலீஸ் தானாக வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய குற்றமாக இல்லை. மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கித்தான் விசாரிக்க முடியும். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் இரவு பத்து மணிக்கு ஒரு வளவுக்குள் கவர் விநியோகம் நடக்கிறது, பறக்கும் படை போய்ப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைப்பற்றப்படும், வீடியோ எடுக்கப்படும், பட்டியல் எழுதப்படும். அனுமதி வந்து விசாரணை தொடங்குவதற்குள் வாக்குப்பதிவே முடிந்திருக்கும். கொடுத்தவர் எந்த வேட்பாளருக்காகக் கொடுத்தார் என்பதைப் பிறகு நிரூபிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

அதே பறக்கும் படையிடம் கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில் ஒரு ஜோடி விற்றுவிட்டுப் போகிறவர் எளிதாக மாட்டிக்கொள்கிறார். நடத்தை விதி அமலில் இருக்கும்போது ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசி முடிக்கிற வியாபாரத்துக்கு ரசீது எங்கே இருக்கும்? ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு வருகிறவர்கள், மஞ்சள் விற்றவர்கள், திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போடுகிற சின்னக் கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் இதே பாடு. எடுத்த பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. கைப்பற்றிய இடத்திலேயே ரசீது கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டு விவரம் அதில் இருக்க வேண்டும். சந்தைச் சுங்கச் சீட்டு, வங்கிக் கணக்குப் பக்கம், சம்பளப் பட்டியல் எது இருந்தாலும் குழுவிடம் கொடுக்கலாம். கட்சிக்கோ வேட்பாளருக்கோ தொடர்பில்லை என்றால் விடுவிக்க வேண்டும். வழக்கு எதுவும் பதியாத நிலையில் வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பத்து லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித் துறைக்குப் போகும். இந்த விதியிலும் சுமை வெளியாள் மேல்தான் விழுகிறது, கவனித்தீர்களா?

கட்சிகள் வேகமாகக் கைகோத்த மற்ற தருணங்களையும் சொல்லிவிடுகிறேன். வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு விவரத்தை வெளியிட வேண்டும் என்று 2002 மே 2-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூலையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, 21 கட்சிகள் அதை எதிர்த்தன. அவசரச் சட்டம் வந்தது, பிறகு சட்டமாகவும் ஆனது. 2003 மார்ச் 13-இல் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்ததால்தான் இன்று வேட்பாளர் அந்த விவரங்களைத் தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐ நாம் படிக்க முடிகிறது. சிறையில் இருப்பவர் போட்டியிட முடியாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தபோது, சில மாதங்களுக்குள் சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாததாக்கினார்கள். காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டும் வெளிநாட்டு நிறுவனத் தொடர்புள்ள நன்கொடை வாங்கியது தவறு என்று 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2016-இலும் 2018-இலும் வந்த திருத்தங்கள் பழைய தேதியிலிருந்து விதியையே மாற்றிவிட்டன. எதிர்க்கட்சியிலிருந்து முணுமுணுப்புகூடப் பெரிதாக இல்லை.

மறுபக்கம், நமக்கு உண்மையில் பயன்பட்ட பல மாற்றங்கள் நீதிமன்றம் வழியாகவே வந்தன. அவற்றில் மூன்றுக்குப் பின்னால் பவானிப் பக்கத்துக் காடப்பநல்லூர்க்காரரான நீதிபதி ப. சதாசிவம் இருக்கிறார். நோட்டா தீர்ப்பு 2013 செப்டம்பர் 27, போட்ட ஓட்டைக் காகிதச் சீட்டில் காட்டும் விவிபாட் பற்றிய தீர்ப்பு அக்டோபர் 8, தேர்தல் அறிக்கையில் இலவசங்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கச் சொன்ன தீர்ப்பு அதற்கு முன் ஜூலை 5. கடைசி வழக்கு தமிழ்நாட்டைப் பற்றியதுதான்: 2006-இன் வண்ணத் தொலைக்காட்சி, 2011-இன் மிக்ஸி, கிரைண்டர். இரண்டு கழகங்களின் வாக்குறுதியும் ஒரே வழக்கில் வந்தன. வழிகாட்டுதலுக்காக ஆணையம் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசியபோது பெரும்பாலான கட்சிகள் வேண்டாம் என்றன.

நீதித்துறைச் சீர்திருத்தத்தில் கதை கொஞ்சம் வேறு. இங்கே கட்சிகள் ஒன்றுசேர்வது கடினமே இல்லை. சேர்ந்து எழுதுவது நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்துக்கான 99-ஆவது திருத்தம் 2014 ஆகஸ்டில் மக்களவையில் 367-0, மாநிலங்களவையில் 179-0 என்று நிறைவேறியது. பாதிக்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்களும் ஏற்றன. 2015 அக்டோபர் 16-இல் உச்ச நீதிமன்றம் 4-1 என்ற தீர்ப்பில் அதைத் தள்ளியது. ஆணையத்தில் ஆறு பேர்: தலைமை நீதிபதி, அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு ‘புகழ்பெற்ற நபர்கள்’. எந்த இரண்டு பேர் எதிர்த்தாலும் நியமனம் நின்றுவிடும். அதாவது மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னாலும் மற்ற இருவர் தடுக்கலாம். அந்தப் புகழ்பெற்ற நபருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. நீதித்துறையின் சுதந்திரம், திருத்தத்தாலும் குலைக்க முடியாத அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு என்பதால், 367-0 என்ற எண்ணிக்கை அதைக் காப்பாற்றவில்லை. எண்ணிக்கை சேர்ப்பதில் காட்டிய அக்கறையை அந்த இரண்டு விதிகளை எழுதுவதில் காட்டியிருந்தால் இன்று நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

நீதிபதியைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து வேண்டும். பிறகு மூவர் குழு விசாரணை, அதன்பின் இரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டுப் போட்டவரில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரவு. கையெழுத்து வாங்குவது சுலபம். 1993 மே மாதம் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு ஆதரவாக 196 ஓட்டு விழுந்தது, எதிராக ஒன்றுகூட இல்லை. 205 பேர் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது. கட்சிகளின் ஒத்துழைப்பு எங்கே உடையும் என்று தெரிந்துகொள்ள அந்த 205 போதும்.

இன்னொரு வகைத் தோல்வி நம் மாநிலத்தில். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அரசியல் சட்டத்தின் 348(2) பிரிவுப்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் போதும். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1965-இல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவு குறுக்கே நின்றது. 2012-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நான்குக்கும் இந்தி 1972-க்குள் கிடைத்துவிட்டது. முடிவெடுக்கும் இடம் வேறு எங்கோ இருக்கும்போது உள்ளூர் ஒற்றுமை தீர்மானத்தோடு நின்றுபோகிறது.

சரி, எதில் ஒன்றுசேர்க்க முடியும்? கீழ்பவானிப் பாசனத்தில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து நெல்லுக்கு முறை மாற்றித் தண்ணீர் விடுகிறார்கள். இந்த முறை தண்ணீர் இல்லாதவரும் அதை ஒப்புக்கொள்கிறார், அடுத்த முறை தனக்கு வரும் என்று தெரியும். கட்சிகளும் அப்படித்தான் முறை மாறுகின்றன. 2009-இல் தொண்டாமுத்தூர் உள்ளிட்ட ஐந்து இடைத்தேர்தல்களை அ.தி.மு.க. புறக்கணித்தது. 2015-இல் ஆர்.கே. நகரை தி.மு.க. புறக்கணித்தது. 2023 ஈரோடு கிழக்கில் வாக்காளரைக் கொட்டகையில் பட்டி போட்டு அடைத்தார்கள் என்ற புகாரை அ.தி.மு.க. எழுப்பியது, 2025 இடைத்தேர்தலை அந்தக் கட்சி புறக்கணித்தது. யார் எதிர்க்கட்சியோ அவர்களுக்கு அதே மனக்குறை. இழப்பு முறை மாறி எல்லாருக்கும் வருகிற இடத்தில்தான் ஒப்பந்தத்தை ஊன்ற வேண்டும்.

முதலில் எடுக்க வேண்டியது தேர்தல் வழக்கு. இதில் நீதித்துறையும் தேர்தலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், 2,000 ரூபாய் வழக்குச் செலவுக்கான பிணைத்தொகை கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 86(7) பிரிவு சொல்கிறது. அந்த ‘முயல வேண்டும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் நழுவுகிறது. ராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் 49 ஓட்டு. மறுஎண்ணிக்கை உத்தரவு 2019 அக்டோபரில் வந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, ஐந்தாண்டுப் பதவிக்காலமே முடிந்துபோனது. 2021-இல் நம் மொடக்குறிச்சியில் வித்தியாசம் 281. இப்படி நூலிழையில் முடியும் தொகுதி எந்தக் கட்சிக்கும் எப்போதும் வரலாம். இன்று வென்றவர் நாளை மனுதாரர்.

இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஒவ்வொரு உயர் நீதிமன்றத்திலும் தேர்தல் வழக்குக்கென்று தனி அமர்வு வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 255-ஆவது அறிக்கை 2015-லேயே சொல்லிவிட்டது. பொதுத் தேர்தல் முடிந்த முதல் ஓராண்டுக்கு ஒன்றிரண்டு நீதிபதிகளை இதற்கென்றே ஒதுக்குவது தலைமை நீதிபதியின் நிர்வாக உத்தரவிலேயே முடியும் காரியம். கட்சிகள் கூட்டாகச் செய்யக்கூடியது, தங்கள் வேட்பாளர் அனைவரும் நோட்டீஸை முதல் முறையிலேயே வாங்கிக்கொள்வார்கள், காரணமில்லாமல் வாய்தா கேட்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுப்பது. இழுத்தடிப்பு தொடங்குவதே இந்த இரண்டு இடத்தில்தான். மனுதாரர் பக்கமும் கவனம் வேண்டும். எதிர்மனுதாரருக்கான ஒவ்வொரு நகலிலும் ‘உண்மை நகல்’ என்று மனுதாரர் தன் கையெழுத்தால் சான்றளிக்க வேண்டும், ஊழல் நடவடிக்கை என்று குற்றம் சாட்டினால் படிவம் 25-இல் பிரமாணப் பத்திரம் வேண்டும். இவற்றில் கோட்டை விட்டதால் ஆரம்பத்திலேயே தடுமாறிய வழக்குகள் ஏராளம்.

இரண்டாவது, அந்த 58பி. இதைக் கட்சிகள் ஏற்க வேண்டுமானால் அவர்களுடைய நியாயமான பயத்துக்கு வாசகத்திலேயே பதில் இருக்க வேண்டும். தோற்கப்போகிறவரே ஆள் வைத்துப் பணத்தை இறைத்துத் தேர்தலை நிறுத்த வைத்தால் என்ன செய்வது? அதனால் பணம் பிடிபட்டது மட்டும் போதாது. அது எந்த வேட்பாளருடையது, எந்த ஏஜென்ட் வழியாகப் போனது என்ற தொடர்பு, செலவினப் பார்வையாளரின் எழுத்து அறிக்கையில் இருக்க வேண்டும். தொடர்பு காட்டப்பட்டவர் மறுதேர்தலில் நிற்கக் கூடாது. ஆனால் அவரைக் கேட்காமல் தகுதி நீக்கம் செய்தால் நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட நிற்காது. ஆகவே உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சில வாரங்களுக்குள் அவரைக் கேட்டு முடிவு சொல்லும் ஏற்பாடு வேண்டும். கூடவே, ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் குற்றத்தைப் போலீஸ் நேரடியாகப் பதியக்கூடிய குற்றமாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அமலாகும் தேதி. வரப்போகிற தேர்தலுக்கு என்று எழுதினால், இன்று ஆளும் இடத்தில் இருப்பவர் நமக்குக் குழி பறிக்கிறார் என்று எதிர்க்கட்சி நினைக்கும். அதற்கடுத்த பொதுத் தேர்தலிலிருந்து என்று எழுதுங்கள். யார் ஆட்சியில் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாத தேதி அது.

கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு மூன்றாவதாக வர வேண்டும். உடனே நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கட்சி செலவழிப்பதற்கு வரம்பே கிடையாது. கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அந்த ஆண்டுக்குள்ளேயே சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்தார்கள். வேட்பாளர் கணக்காவது உண்மையாக இருக்க வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியர் கூட்டும் விலைப்பட்டியல் கூட்டத்தைக் கவனியுங்கள். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிரியாணி, வாடகை வண்டி எல்லாவற்றுக்கும் அங்கேதான் விலை நிர்ணயம் ஆகிறது. விலையைக் குறைக்கச் சொல்வதில் அங்கே எல்லாக் கட்சிக்கும் ஒரே குரல். விலை குறைந்தால் 40 லட்சத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடங்கும்.

எந்த வழியில் கேட்பது என்பதும் முக்கியம். தேர்தல் சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் தீர்மானம்தான் போட முடியும். ஆணையத்தின் உத்தரவால் முடிகிற காரியத்துக்குச் சட்டத் திருத்தம் கேட்காதீர்கள், சாதாரணச் சட்டத்தால் முடிவதற்கு அரசியல் சட்டத் திருத்தம் கேட்காதீர்கள். ஒரு மசோதாவில் ஒரே ஒரு விஷயம் இருக்கட்டும். பத்தைச் சேர்த்துக் கட்டினால், பிடிக்காத ஒன்றைக் காட்டிப் பத்தையும் தள்ளிவிடுவார்கள். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா வீண் என்று பலர் சொல்வார்கள். இதுவரை 14 மட்டுமே சட்டமாகியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் 1970-இல் கடைசியாக நிறைவேறியது, உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா. கொண்டுவந்தவர் லக்னோவின் சுயேச்சை உறுப்பினர் ஆனந்த் நாராயண் முல்லா. ஒரே விஷயம், குறுகலான வாசகம், எந்தக் கட்சிக்கும் நஷ்டமில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் பூத் அளவில் செய்யக்கூடியதும் நிறைய உண்டு, இங்கே கட்சிக்காரர்கள் ஏற்கனவே ஓரளவு ஒத்துழைக்கிறார்கள். இறந்தவர், வீடு மாறியவர் பெயர்களை எடுக்க எல்லாக் கட்சி பூத் ஏஜென்ட்டும் வாக்குச்சாவடி நிலை அலுவலரோடு (பிஎல்ஓ) ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பட்டியலை வாசித்தால் பாதிப் பிரச்சினை தீரும். திருப்பூர் மாதிரி வாடகைக் குடித்தனம் நிறைந்த ஊரில் ஒருவர் மட்டும் போய்ப் பெயர் நீக்கக் கோரும் படிவம் 7 கொடுத்தால் சந்தேகம் வரும், இரண்டு கட்சியும் பெயரைப் பார்த்து ஒப்புக்கொண்டால் வராது. வழக்கமான திருத்தத்தில் ஒரு கட்சியின் பூத் நிலை முகவர் ஒரு நாளைக்குப் பத்துப் படிவம்தான் மொத்தமாகக் கொடுக்கலாம். மொத்தம் முப்பதைத் தாண்டினால் பதிவு அலுவலரே நேரில் சரிபார்க்க வேண்டும். வீடு மாறியவருக்கு நீக்கலைவிடப் படிவம் 8 மூலம் இடம் மாற்றுவதே நல்லது, ஓட்டு போகாது.

வாக்குப்பதிவு நாளில், தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு, குறைந்தது இரண்டு வேட்பாளரின் ஏஜென்ட்கள் முன்னிலையில். பிறகு கணக்கை அழித்து, விவிபாட் பெட்டியிலுள்ள சீட்டுகளை எடுத்து உறையில் போட்டு முத்திரையிட வேண்டும். அழிக்க மறந்த பூத்தில்தான் மாலையில் கணக்கு இடிக்கும். வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தப் பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் படிவம் 17சி நகலைக் கேட்டு வாங்காமல் எந்த ஏஜென்ட்டும் வெளியேறக் கூடாது. எதிர்க்கட்சி ஏஜென்ட் கையிலுள்ள நகலும் உங்கள் நகலும் ஒன்றுதானா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். எண்ணும் நாளில் வரும் சண்டைகளில் பல, இந்த ஒரு தாளை இருவரும் வைத்திருந்தால் எழவே எழாது.

கடைசியாக, உங்கள் எம்.பி.யிடம் எப்படிக் கேட்பது என்று. நம் வட்டாரத்து மக்களவைத் தொகுதிகள்: கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், அதோடு அவிநாசியும் மேட்டுப்பாளையமும் பவானிசாகரும் அடங்கிய நீலகிரி. எட்டுப் பேர். “தேர்தல் சீர்திருத்தத்தை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்டால் எட்டுப் பேரும் ஆம் என்பார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. 58பி வாசகத்தை அரைப் பக்கத்தில் எழுதி, தோற்ற வேட்பாளருக்கும் அதே நாளில் அதே கடிதத்தை அனுப்புங்கள், இருவருக்கும் அனுப்பியிருப்பதை இரண்டிலும் குறிப்பிடுங்கள். “கொள்கை அளவில் ஏற்கிறோம்” என்று பதில் வந்தால், வாசகத்தில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். இரண்டு பேரும் திருத்தி அனுப்பும் பிரதிகளைப் பக்கத்தில் வைத்து, இருவரும் கை வைக்காமல் விட்ட வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த கடிதத்தைத் தொடங்குங்கள்.